ஹார்டு டிஸ்க் மக்கர் செய்தால்: லினக்ஸ் கணினிக்கு முதலுதவியிலிருந்து ரிப்பேர் வரை

காலை ஏழரை மணிக்கு போன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அக்கா. "ஏனுங் தம்பி, எந்த ஃபைலைத் திறந்து சேவ் பண்ணுனாலும் 'ரீட் ஒன்லி'ன்னே வருதுங். நேத்து ராத்திரி பேக்கிங் லிஸ்ட் போட்டப்பக்கூட நல்லாத்தானுங் இருந்துச்சு. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுங்களா?"

"வேண்டாமுங்க்கா. ஒண்ணையும் தொடாம அப்படியே விட்டுருங்க, வந்தர்றேன்."

டிஸ்க்கில் கோளாறு என்றதும் நம் கை முதலில் பவர் பட்டனுக்குப் போகும். அடுத்து, ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளைக்குப் போகும். இரண்டுக்கும் உரிய நேரம் உண்டு. அவசரத்தில் செய்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய தகவலைக் காலி செய்வதும் அவைதான்.

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். டிஸ்க் என்பது காடு. ஃபைல்சிஸ்டம் என்பது அதில் போட்ட வரப்பும், எந்தத் துண்டு யாருடையது என்று எழுதி வைத்த சிட்டாவும். மழையில் வரப்பு கரைந்தால் மண்வெட்டி போதும், ஒரு நாள் வேலை. ஆனால் மண்ணே சரிந்து பள்ளம் விழுந்துகொண்டிருக்கும்போது வரப்பு கட்டப் போனால், மிச்ச மண்ணும் சேர்ந்து சரியும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கெட்டிருப்பது காடா, வரப்பா? அதற்கு விடை தெரியாமல் ரிப்பேர் கட்டளை எதையும் அடிக்கக்கூடாது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில், பெரிய எழுத்து என்று சொன்ன இடங்களைத் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்களில் விரிவையும் சொல்லியிருக்கிறேன்.

முதலில்: இடம் தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்

"டிஸ்க் போச்சுங்" என்று வரும் புகார்களில் சில வெறும் இடப் பற்றாக்குறைதான். 'டிஎஃப் -ஹெச்' அடியுங்கள். டிஸ்க் ஃப்ரீ என்பதன் சுருக்கம் அது. ஏதாவது ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) 100 சதவீதம் என்று காட்டினால் பிரச்சினை அங்கேதான்.

இடம் நிறைய இருக்கிறது, ஆனாலும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்கிறதா? 'டிஎஃப் -ஐ' அடித்து ஐநோடு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு, அதாவது அதன் விவரம் எழுதிய குறிப்பு, வேண்டும். லினக்ஸில் பரவலாக இருக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் அவற்றின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். லட்சக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள் சேர்ந்தால் இடம் பாதி இருக்கும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். இன்னொரு விஷயம்: பெரிய லாக் ஃபைல் ஒன்றை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' அது யார் என்று காட்டும் (+ குறிக்குப் பின் வரும் எல் பெரிய எழுத்து). அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அப்புறம், இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிஸ்க்கில் அது 50 ஜிபி. எனவே கணக்கு கொஞ்சம் இடித்தால் பயப்பட வேண்டாம்.

கெர்னல் சொல்வதைக் கேளுங்கள்

இடப் பிரச்சினை இல்லை என்றால் அடுத்தது 'டிமெஸ்ஜி'. டயக்னாஸ்டிக் மெசேஜ் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'சூடோ டிமெஸ்ஜி -ஹெச்' அடித்தால் கெர்னல், அதாவது லினக்ஸின் மைய நிரல், தன் நாட்குறிப்பைக் காட்டும். இதில் ஹெச் பெரிய எழுத்து.

அந்த அக்காவை ஆஃப் செய்ய வேண்டாம் என்று தடுத்ததற்கு முதல் காரணம் இதுதான். இஎக்ஸ்டி4-இல் கோளாறு தெரிந்ததும் லினக்ஸ், மேலும் கெடாமல் இருக்கட்டும் என்று அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். பெரும்பாலான கணினிகளில், லினக்ஸ் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு அப்படித்தான் அமைத்திருப்பார்கள். பூட்டிய பிறகு லாக்கும் டிஸ்க்கில் எழுதப்படாது. நடந்தது என்ன என்ற சாட்சி மெமரியில் மட்டும்தான் இருக்கும். ஆஃப் செய்தால் சாட்சி போச்சு. இரண்டாவது காரணம், சாகக் கிடக்கும் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும் வரை சுற்றும். நிறுத்தினால் மறுபடி கிளம்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே அந்த வரிகளைப் பென்டிரைவில் சேமியுங்கள், இல்லை செல்போனில் போட்டோ எடுங்கள்.

எதைத் தேடுவது? 'ஐ/ஓ எரர்' என்று வந்து கூடவே 'யுஎன்சி' என்ற மூன்றெழுத்து இருந்தால், டிஸ்க்கால் தன் பரப்பில் ஒரு செக்டரை, அதாவது ஒரு சிறு துண்டை, படிக்க முடியவில்லை. காடு கெட்டிருக்கிறது. 'ஐசிஆர்சி' என்று இருந்தால், டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் வழியில் தகவல் சிதைந்திருக்கிறது. பெரும்பாலும் கேபிள். இந்த இரண்டும் இல்லாமல் 'இஎக்ஸ்டி4-எஃப்எஸ் எரர்' மட்டும் வந்தால் வரப்பு மட்டும் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டிஸ்க்கின் நாடியைப் பிடியுங்கள்

'எல்எஸ்பிஎல்கே', அதாவது லிஸ்ட் பிளாக், எந்த டிஸ்க்குக்கு என்ன பெயர் என்று காட்டும். முதல் டிஸ்க் எஸ்டிஏ, அதில் இரண்டாவது பார்ட்டிஷன் எஸ்டிஏ2 என்ற வகையில் இருக்கும். பெயர், அளவு இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பெயரை மாற்றி அடித்து நல்ல டிஸ்க்கை அழித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, 'சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ'. யுஎஸ்பி பெட்டியில் உள்ள டிஸ்க் பதில் சொல்லவில்லை என்றால் '-டி சாட்' சேர்த்துப் பாருங்கள். கட்டளை பழக்கமில்லாதவர்கள் உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்து மெனுவில் ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே குறித்து வைக்கும் கணக்கை, பார்க்கலாம்.

மேலே 'பாஸ்டு' என்று வருவதை நம்பி ஏமாறாதீர்கள். நூற்றுக்கணக்கில் செக்டர் போன டிஸ்க்கும் பாஸ்டு என்றே சொல்வதுண்டு. வரிசை எண் பார்த்துப் படியுங்கள், கடைசியில் இருக்கும் நேரடி எண்ணிக்கையைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பவை. 198 என்பது சோதித்தும் திருத்த முடியாதவை. இந்த மூன்றில் எனக்கு அதிகம் கலக்கம் தருவது 197-தான். அது பூஜ்யத்தைத் தாண்டினால் ரிப்பேர் பேச்சையே விட்டுவிட்டு நகல் எடுக்கப் போங்கள். 5 சில காலமாக ஒரே எண்ணில் நின்றால் காத்திருக்கலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் நம்பி வைக்க முடியாது.

199 தனி ரகம். அது கேபிள் கோளாறின் எண்ணிக்கை. ஒருமுறை ஏறினால் இறங்காது, ஆகவே இன்று எவ்வளவு என்று குறித்து வைத்து நாளை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பனியன் கம்பெனியில் 5, 197, 198 எல்லாம் பூஜ்யம். 199 மட்டும் நாலு இலக்கம். டிமெஸ்ஜியில் வரிசையாக ஐசிஆர்சி. ஆஃப் செய்து பெட்டியைத் திறந்தேன். திருப்பூர் கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஃபேனைச் சுற்றிப் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருக்கும். இதில் அது இல்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் யாரோ புளோயர் வைத்து ஊதிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஊதிய வேகத்திலோ, கை பட்டோ, சாட்டா கேபிள் ஒரு மூலையில் நெல்மணி அளவுக்கு மேலே தூக்கி நின்றது. பூட்டுக் கொக்கி இல்லாத பழைய கேபிள். கொக்கி உள்ள புதுக் கேபிள் போட்டு, வேறு போர்ட்டில் செருகி, அதன் பிறகுதான் ஃபைல்சிஸ்டத்தைச் சரி பார்த்தேன். பத்து நிமிட வேலை. கேபிளைக் கவனிக்காமல் முதலில் எஃப்எஸ்சிகே ஓட்டியிருந்தால், அது எழுதும் திருத்தங்களும் அதே ஆட்டம் காணும் கேபிள் வழியாகத்தான் போயிருக்கும்.

கேபிளைப் போலவே கரண்டையும் சந்தேகப்படுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனும் வீடும் ஒரே லைனில் இருக்கும். மோட்டார் ஒன்று கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நொடியில் வோல்டேஜ் தாழும், விளக்கு மங்கும். கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காமல் டிஸ்க்கைத் தடுமாற விடும். யுபிஎஸ் பேட்டரி தாக்குப்பிடிக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். வெப்பமும் கணக்கில் உண்டு: சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி மேல் வரம்பு. சித்திரை வெயிலில் ஈரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே, பஞ்சு அடைத்த ஃபேனோடு அதை எட்டுவது கஷ்டமே இல்லை. ஸ்மார்ட் பட்டியலில் 194 வெப்பநிலையைக் காட்டும்.

சுழலும் தட்டு இல்லாத என்விஎம்ஈ எஸ்எஸ்டி என்றால் இந்த எண்கள் வராது. 'பர்சன்டேஜ் யூஸ்டு', 'அவைலபிள் ஸ்பேர்', 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கடைசி வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். எஸ்எஸ்டி சத்தம் போடாது, முன்னறிவிப்பு இல்லாமலே படுத்துவிடுவதும் உண்டு.

காடு கெட்டிருந்தால்: நகல், வேறு பேச்சில்லை

டிஸ்க்கில் 'டிக், டிக்' என்று ஒரே தாளத்தில் தட்டுச் சத்தம் கேட்டால் உடனே கரண்டைத் துண்டியுங்கள். இங்கே மட்டும் ஆஃப் செய்வதுதான் சரி. தட்டைப் படிக்கும் ஹெட் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால் தகவல் மீட்புக்கென்றே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்பதை நம்பாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றவே கூடாது. ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. நம் ஊர்க் காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகள் அதற்கு மலை மாதிரி.

சத்தம் இல்லை, 197 மட்டும் ஏறியிருக்கிறது என்றால் வீட்டிலேயே முயலலாம். கெட்ட டிஸ்க்கைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்று வேண்டும். அது இஎக்ஸ்டி4-இல் ஃபார்மட் ஆகியிருக்கட்டும். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது, நடுவழியில் நிற்கும். லைவ் யுஎஸ்பியில், அதாவது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து, லினக்ஸைக் கிளப்பி, கெட்ட டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல், அதாவது திறந்து இணைக்காமல், விடுங்கள்.

கருவியின் பெயர் க்னூ டிடிரெஸ்க்யூ. டெபியன், உபுண்டுவில் நிறுவும்போது 'ஜிடிடிரெஸ்க்யூ' என்று முன்னால் ஒரு ஜி சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டளை அடிக்கும்போது ஜி கிடையாது. முதல் சுற்று:

சூடோ டிடிரெஸ்க்யூ -டி -என் /டெவ்/எஸ்டிபி நகல்.இமேஜ் நகல்.மேப்

இதில் '-டி' என்பது டைரக்ட் என்பதன் முதல் எழுத்து. எஸ்டிபி கெட்ட டிஸ்க், அடுத்தது நகல் ஃபைல், மூன்றாவது மேப் ஃபைல். இந்த மூன்றின் வரிசை மாறவே கூடாது. '-என்' என்பது கடினமான இடத்தைச் சுரண்டாமல் முதலில் எளிதாகக் கிடைப்பதை அள்ளிக்கொள் என்று சொல்கிறது. வீடு தீப்பிடித்தால் பீரோ சாவி தேடி நிற்காமல் கைக்கு எட்டியதை முதலில் வெளியே போடுவோமே, அந்த முறை. முடிந்த பிறகு '-என்' எடுத்துவிட்டு '-ஆர்3' போட்டு, அதே இமேஜ், அதே மேப் பெயரோடு மறுபடி ஓட்டுங்கள். கெட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயன்று பார்க்கும். எது வந்தது, எது வரவில்லை என்று மேப் ஃபைல் நினைவு வைத்திருப்பதால், டிஸ்க் சூடானால் நடுவில் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம். மேப் ஃபைலை மட்டும் மறந்துவிட்டால் முதலிலிருந்துதான்.

ராத்திரி முழுக்க ஓடும், சில சமயம் இரண்டு நாள். ஓடட்டும். முடிந்ததும் கெட்ட டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். இனிமேல் ரிப்பேர் எல்லாம் நகலின் மேல்தான். இடம் இருந்தால் நகலுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 'சூடோ லோசெட்அப் -பிஎஃப் --ஷோ நகல்.இமேஜ்' அடித்தால் நகல் ஒரு டிஸ்க் மாதிரியே லூப்0 போன்ற பெயரில் தெரியும். இதில் பி பெரிய எழுத்து, பார்ட்டிஷன் என்பதன் முதல் எழுத்து.

இந்த ஒழுங்கு எனக்குச் சும்மா வரவில்லை. கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு நண்பரின் கணினி கிளம்பாமல் நின்றது. அப்போது ஸ்மார்ட் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. திரையில் கேட்டபடி 'எஃப்எஸ்சிகே -ஒய்' அடித்தேன். ஒய் என்றால் எல்லாக் கேள்விக்கும் சம்மதம். அரை மணி நேரம் வரிகள் ஓடின. கணினி கிளம்பியது. ஆனால் அவர் தங்கை கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டரைக் காணவில்லை. 'லாஸ்ட்+ஃபவுண்ட்' உள்ளே போனால், #131074 என்ற மாதிரி வெறும் எண்களாக ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். பெயரில்லை, தேதி ஒழுங்கில்லை. 'ஃபைல்' என்ற கட்டளை வைத்து எது படம், எது வேறு என்று பிரித்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். கல்யாணச் சடங்கை நடத்தும் அருமைக்காரர் சீர் செய்யும் படம் மேல்பாதி மட்டும் வந்தது, கீழே சாம்பல் நிறம். அந்தப் படத்தில் பக்கத்தில் நின்றது நண்பரின் அம்மா. அந்த வருடம்தான் அவர் தவறிப்போயிருந்தார். படிக்க முடியாத செக்டர்கள் இருந்த டிஸ்க்கின் மேல் நான் திருத்தம் எழுத விட்டேன். நகல் எடுத்துவிட்டு நகலில் செய்திருந்தால், தப்பினால் இன்னொரு முறை வேறு வழியில் முயன்றிருக்கலாம்.

வரப்பைச் சரிசெய்வது

ஸ்மார்ட் எண்கள் சுத்தம், கேபிள் சரி, அல்லது கையில் நகல் இருக்கிறது. இப்போது எஃப்எஸ்சிகே. ஃபைல்சிஸ்டம் செக் என்பதன் சுருக்கம்.

மாற்றமில்லாத ஒரு விதி: மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் ஓட்டக்கூடாது. ஓடும் தறியில் பாவு மாற்றுவது போல அது. ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யுஎஸ்பியிலிருந்து செய்யுங்கள். அது இல்லாவிட்டால், கணினி கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'எஃப்எஸ்சிகே.மோடு=ஃபோர்ஸ்' சேர்த்துக் கிளப்பினால் கிளம்பும்போதே சோதித்துவிடும்.

முதலில் எதையும் மாற்றாமல் பார்வை மட்டும்: 'சூடோ இ2எஃப்எஸ்சிகே -எஃப் -என் /டெவ்/எஸ்டிஏ2'. நாலைந்து புகார் வந்தால் சாதாரணம், '-என்' இடத்தில் '-பி' போட்டால் ஆபத்தில்லாதவற்றைத் தானே திருத்தும். ப்ரீன் என்பதன் முதல் எழுத்து அது. பக்கம் பக்கமாகப் புகார் ஓடினால் நிறுத்துங்கள், நகல் இல்லாமல் ஒய் கொடுக்காதீர்கள். முடிந்ததும் 'எக்கோ $?' அடித்தால் ஒரு எண் வரும். 0 என்றால் குறையில்லை, 1 என்றால் திருத்தியாயிற்று, 4 என்றால் திருத்தாமல் மிச்சம் இருக்கிறது.

'பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்பிளாக்' என்று வந்தால் மனம் தளர வேண்டாம். சூப்பர்பிளாக் என்பது ஃபைல்சிஸ்டத்தின் தலைப்புக் குறிப்பு. பெயரைச் சரியாகத்தான் அடித்தீர்களா என்று பாருங்கள், பாதி நேரம் எஸ்டிஏ2-க்குப் பதில் எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கைக் கொடுத்திருப்போம். அது சரி என்றால், ஊர்ச் சிட்டாவின் நகல் தாலுக்கா ஆபீஸில் இருப்பது போல இஎக்ஸ்டி4 சூப்பர்பிளாக்கின் நகலை வேறு இடங்களிலும் வைத்திருக்கும். 4 கேபி பிளாக் உள்ள வழக்கமான டிஸ்க்கில் முதல் நகல் 32768-இல். 'இ2எஃப்எஸ்சிகே -பி 32768' என்று கொடுங்கள். இங்கே பி என்பது பிளாக் என்பதன் முதல் எழுத்து. அது வராவிட்டால் 98304.

எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபைல்சிஸ்டம் என்றால் எஃப்எஸ்சிகே பயன்படாது, 'எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்' வேண்டும். முதலில் ஒருமுறை மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்யுங்கள், பாதியில் நின்ற லாக் வேலை தானே முடியும். அதுவும் முடியாவிட்டால் '-எல்' (பெரிய எழுத்து) போடச் சொல்லித் திரை கேட்கும். அது லாக்கையே அழிக்கும், கடைசி வழி. விண்டோஸோடு பகிர்ந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் படிக்க மட்டும் வருகிறது என்றால் அது பெரும்பாலும் பழுதே இல்லை: விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முறையில் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. விண்டோஸில் அதை அணைத்து முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

கணினி கிளம்பவே இல்லை என்றால்

கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் வந்து நின்றால், ரூட் பார்ட்டிஷனைத் திறக்க முடியவில்லை என்று பொருள். மேலே உள்ள வரிகளில் எந்தப் பார்ட்டிஷன் என்று இருக்கும். அங்கேயே எஃப்எஸ்சிகே அடிக்கலாம், ஆனால் என் ஆலோசனை லைவ் யுஎஸ்பியில் கிளப்பி ஸ்மார்ட் பார்த்த பிறகு அடிப்பதுதான்.

'எமர்ஜென்சி மோடு' வேறு. ஒன்றரை நிமிடம் காத்திருந்து பிறகு அங்கே போய் விழுந்தால், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு டிஸ்க் இப்போது இல்லை. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' அடித்து, எஃப்எஸ்டேபைத் திறந்து, அந்த வரியின் விருப்பங்களில் 'நோஃபெயில்' சேர்த்துவிடுங்கள். 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் யுயுஐடியோடு (பார்ட்டிஷனின் அடையாள எண்) அந்த வரி பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

சரியான பிறகு

ரிப்பேர் முடிந்த அன்றே 'ஸ்மார்ட்சிடிஎல் -டி லாங்' ஓட்டுங்கள். இந்த டி, டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து. பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும், பின்னணியில் ஓடும், வேலை கெடாது. புது டிஸ்க் வாங்கினாலும் தகவல் ஏற்றுவதற்கு முன் இதை ஒருமுறை செய்துவிடுவேன். ஸ்மார்ட்டி (ஸ்மார்ட் டீமன் என்பதன் சுருக்கம்) என்ற சர்வீஸை இயக்கி வைத்தால் 197 அசைந்த நாளே லாக்கில் எழுதும்.

பனியன் கம்பெனி அக்காவுக்கு இரண்டு வெளி டிஸ்க் வாங்கச் சொன்னேன். ஒன்று கம்பெனியில், ஒன்று வீட்டில். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை ஓடும், டிஸ்க்குகள் இடம் மாறும். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டித் தேதி எழுதுகிறார். மாதம் ஒருமுறை வீட்டு டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்புவார்: "தொறந்துச்சுங்."